எஸ்.எஸ்.டி-யை எந்த அளவுக்கு நம்பலாம்: வாங்குவது முதல் வாரண்டி வரை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் பில் போடும் கணினி, தண்டையார்பேட்டையில் மாடி அறையில் கல்யாண வீடியோ எடிட் செய்பவரின் கணினி, வியாசர்பாடியில் கானா ரெக்கார்டிங் செய்யும் இளைஞரின் லேப்டாப் என எதைத் திறந்தாலும் இன்று உள்ளே இருப்பது பெரும்பாலும், சுழலும் தட்டுக்குப் பதிலாக சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்.எஸ்.டி தான். வாங்க வருபவர்கள் வேகத்தைக் கேட்ட கையோடு எத்தனை வருடம் உழைக்கும் என்றும் கேட்கிறார்கள். கடைக்காரரும் டி.பி.டபிள்யூ என்ற ஓர் எண்ணைச் சொல்கிறார். அந்த டிஸ்க்கில் மொத்தம் இத்தனை டெராபைட் எழுதும்வரை நிறுவனம் பொறுப்பேற்கும் என்பது அதன் பொருள். எண் பொய்யில்லை. ஆனால் வீட்டிலும் கடையிலும் பயன்படும் எஸ்.எஸ்.டி அந்த எல்லையை எட்டிய பிறகு சாவது அபூர்வம். டிஸ்க்கை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரின் பழுது, அதன் உள்மென்பொருளான ஃபர்ம்வேரில் பிழை, எழுதும் நேரத்தில் கரன்ட் போவது, போலிச் சரக்கு ஆகியவையே அதை முந்திக்கொண்டு கொல்கின்றன. அப்படி நிற்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க் எழுப்பிய கடகட சத்தம்கூட முன்கூட்டிக் கேட்காது. எதைக் கண்காணிக்க முடியும், எதை முடியாது, முடியாததற்கு என்ன ஏற்பாடு செய்துகொள்வது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

தேய்மானக் கணக்கு

எஸ்.எஸ்.டி-க்குள் இருக்கும் நேண்ட் ஃபிளாஷ் சிப்பில் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டத்தைப் பிடித்து வைப்பதன் மூலம் தகவலைச் சேமிக்கிறது. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டி.எல்.சி, நான்கு பிட் வைப்பது கியூ.எல்.சி. முன்னதில் 8 மின்னூட்ட நிலைகளையும் பின்னதில் 16 நிலைகளையும் பிரித்தறிய வேண்டியிருப்பதால், பிட் எண்ணிக்கை கூடக் கூட விலை குறைகிறது, தாங்கும் திறனும் குறைகிறது. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மாடல்களின் டி.பி.டபிள்யூ-வை ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெரியும்: 1 டி.பி. சாம்சங் 870 ஈவோவுக்கு 600, அதே நிறுவனத்தின் கியூ.எல்.சி மாடலான 870 கியூ.வி.ஓ-வுக்கு 360. முன்னதற்கு 5 வருட வாரண்டி, பின்னதற்கு 3 வருடம். வாரண்டியில் வருடம், எழுதும் அளவு ஆகிய இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவே கணக்கு.

இனி நம் பயன்பாட்டைப் போட்டுப் பார்ப்போம். பில்லிங், டாலி, பிரவுசர் ஆகியவை மட்டும் ஓடும் ஒரு கடைக் கணினி, பின்னணி வேலைகளையும் சேர்த்து நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 7.3 டி.பி. ஆகும். 240 ஜி.பி. அளவிலான சாதாரண எஸ்.எஸ்.டி-க்கு வழக்கமாகத் தரப்படும் 80 டி.பி.டபிள்யூ-வே அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் போதும். வீடியோ எடிட்டருக்கு ஒரு கல்யாணத்துக்கு மூலக் காட்சிகள், எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள், எக்ஸ்போர்ட் எல்லாம் சேர்த்து 500 ஜி.பி. எழுத்து ஆகட்டும், வருடத்துக்கு 80 முகூர்த்தம் என்றால் 40 டி.பி. அவரிடம் 360 டி.பி.டபிள்யூ டிஸ்க் இருந்தால் 9 வருடம் வரும், அதற்குள் அவர் கணினியையே மாற்றியிருப்பார்.

இந்தக் கணக்கு உண்மையிலேயே கடிக்கும் இடம் கேமரா பதிவுதான். நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 173 ஜி.பி., வருடத்துக்கு 63 டி.பி. அதே 80 டி.பி.டபிள்யூ டிஸ்க் பதினைந்து மாதங்களில் தன் எல்லையைத் தொட்டுவிடும். மிச்சமான சிறிய எஸ்.எஸ்.டி-யை எடுத்து, கேமரா பதிவுப் பெட்டியான டி.வி.ஆரில் போடுவது சிக்கனம் போலத் தோன்றினாலும் அங்கே கேமரா பதிவுக்கென்றே தயாராகும் ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தம்.

டி.பி.டபிள்யூ எட்டியதும் டிஸ்க் அன்றே நின்றுவிடும் என்றும் இல்லை. 2013 முதல் 2015 வரை டெக் ரிப்போர்ட் என்ற தளம் 240 முதல் 256 ஜி.பி. வரையிலான ஆறு டிஸ்க்குகளில் இடைவிடாமல் எழுதிப் பார்த்தபோது, ஆறும் தமக்கு அறிவிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் பல நூறு டி.பி. தாங்கின. கடைசியாக நின்ற சாம்சங் 840 ப்ரோ 2.4 பெட்டாபைட் வரை போனது. அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை செல்லுக்கு இரண்டு பிட் வைக்கும் பழைய வகை என்பதால் இன்றைய மலிவு டிஸ்க்கும் அப்படித் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூகுள் தரவு மையங்களின் எஸ்.எஸ்.டி-களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு இன்னும் பயனுள்ளது. பிழைகளுக்கும் டிஸ்க்கின் வயதுக்கும் இருக்கும் தொடர்பு, எழுதிய அளவுக்கு அப்பாற்பட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி-யைக் குறைவாகவே மாற்ற நேர்ந்தது. ஆனால் முதல் நான்கு வருடங்களில், மாடலைப் பொறுத்து 20 முதல் 63 சதவீத டிஸ்க்குகளில் ஒரு முறையாவது திருத்த முடியாத வாசிப்புப் பிழை வந்தது. டிஸ்க் முழுதாகச் சாகாமலேயே உள்ளிருக்கும் ஒரு கோப்பு கெடலாம் என்பதே இதன் பொருள்.

வாங்கும்போது

ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் கொள்ளளவையும் வேகத்தையும் மட்டும் பார்க்காமல், டி.எல்.சி-யா கியூ.எல்.சி-யா, வாரண்டி 3 வருடமா 5 வருடமா, டி.பி.டபிள்யூ எவ்வளவு என்ற மூன்றையும் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போகவும். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை சீரியல் எண்ணைக் கொண்டு அதே தளத்தில் சரிபார்க்கலாம். புதிய லேப்டாப்பிலிருந்து கழற்றி விற்கப்படும் டிஸ்க்குகள் நல்லவையாகவே இருக்கலாம், ஆனால் அவற்றுக்கு வாரண்டி லேப்டாப் நிறுவனத்தின் வழியாகவே உண்டு என்பதால் தனியாக எடுத்துச் சென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாடல் பெயர் மாறாமல் உள்ளே இருக்கும் சிப் மாறுவதும் நடக்கிறது. டி.எல்.சி-யாக வந்த க்ருஷியல் பி2, 2021-இல் அதே பெயரில் கியூ.எல்.சி-யாக மாறியதை அப்போது சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

நடைபாதையிலும் இணையச் சந்தைகளிலும் 16 டி.பி. போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி என்று சில்லறை விலைக்கு விற்கப்படுவதைப் பிரித்தால், பளபளப்பான அலுமினிய உறைக்குள் ஒரு சிறிய பலகையும் அதில் சொருகிய மைக்ரோ எஸ்.டி கார்டும்தான் இருக்கும். கணினி அதை 16 டி.பி. என்றே காட்டும், காப்பி செய்யும்போதும் எந்தத் தகராறும் வராது. உண்மையான கொள்ளளவு முடிந்த பிறகு எழுதுவதெல்லாம் எங்கும் பதியாமல் போகும். கல்யாண வீடியோவை இப்படி ஒன்றில் ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தன் கணினியில் அழித்துவிட்டால் பிறகு கல்யாண வீட்டாருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் டிஸ்க் முழுவதும் எழுதித் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஒரு முறை ஓட்டிவிடுவது நல்லது. ஒரு முறை முழுக்க எழுதுவதால் நல்ல டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது.

பொருத்தியவுடன்

முதல் வேலை ஃபர்ம்வேர். கண்ணுக்குத் தெரியாத இந்த உள்மென்பொருளில் இருக்கும் ஒரு சிறு பிழை, தேய்மானமே இல்லாத டிஸ்க்கைச் சாய்த்துவிடும். க்ருஷியல் எம்4 டிஸ்க்குகள் 5184 மணிநேரம் ஓடி முடித்ததும் பதில் சொல்லாமல் நின்றன, அதற்கான திருத்தம் 2012 ஜனவரியில் வந்தது. எச்.பி.இ நிறுவனத்தின் சில சர்வர் எஸ்.எஸ்.டி-கள் சரியாக 32,768 மணிநேரத்தில் மீட்க முடியாதபடி சாகும் என்று 2019 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. ஒரே நாளில் பொருத்திய டிஸ்க்குகள் ஒரே நாளில் சாகும் என்பதால், ஒன்றுக்கு ஒன்று காவலாக இரண்டை வைத்திருந்தவர்களுக்கும் அதில் பாதுகாப்பில்லை. ஆகவே சாம்சங் மெஜிஷியன், க்ருஷியல் ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், கிங்ஸ்டன் எஸ்.எஸ்.டி மேனேஜர் போன்ற அந்தந்த நிறுவன மென்பொருளைக் கொண்டு ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ளவும், பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கவும். புதுப்பிக்கும் முன் பேக்கப் எடுக்க வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜர் சொருகியிருக்க வேண்டும், டெஸ்க்டாப் என்றால் யூ.பி.எஸ்-இல் இருக்க வேண்டும்.

அழித்த கோப்புகள் இருந்த இடத்தைத் துடைக்கலாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் என்ற வசதியைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. இன்றைய விண்டோஸும் உபுண்டுவும் அதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. பழக்கதோஷத்தில், கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் தனி டீஃப்ராக் மென்பொருள் போடாமலும், டிஸ்க்கில் பத்து முதல் இருபது சதவீதம் காலியாக விட்டும் வைத்திருந்தால் போதும்.

மாதம் ஒரு முறை பார்க்க வேண்டிய திரை

விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு நீலப் பெட்டியில் குட் என்றும் அதன் கீழ் ஒரு சதவீதமும் தெரியும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். அந்தச் சதவீதம் பெரும்பாலும் தேய்மானத்தை மட்டுமே சொல்கிறது, நாம் அஞ்ச வேண்டியதோ வேறு இடத்தில் இருக்கிறது. கீழே உள்ள பட்டியலைப் படிக்கும் முன், ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் என்று போய் 10 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் எண்கள் பதினாறு அடிமானத்தில் தெரியும். அதில் 2000 மணிநேரம் என்று படிப்பது உண்மையில் 8192 மணிநேரம்.

வேகமான என்.வி.எம்.இ வகை டிஸ்க் என்றால் நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். பர்சன்டேஜ் யூஸ்ட் என்பது தேய்மானம், அது 100-ஐத் தாண்டியும் போகலாம். அவைலபிள் ஸ்பேர் என்பது கெட்டுப்போன பகுதிகளுக்கு மாற்றாக ஒதுக்கி வைத்திருப்பதில் மீதம் எவ்வளவு என்பது. பல வருடம் 100-இலேயே நிற்கும் இந்த எண் இறங்கத் தொடங்கினால் மாற்று டிஸ்க் வாங்கிவிடலாம், அடுத்த வரியில் இருக்கும் எல்லை எண்ணைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம். மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எர்ரர்ஸ் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் அன்றே முழு பேக்கப் எடுக்கவும். அன்சேஃப் ஷட்டவுன்ஸ் என்பது முறையாக நிறுத்தாமல் கரன்ட் துண்டிக்கப்பட்ட தடவைகள். அது மாதாமாதம் வேகமாக ஏறினால் குறை டிஸ்க்கில் இல்லை, உங்கள் வீட்டு மின் ஏற்பாட்டில் இருக்கிறது.

அதற்கு முந்தைய சாட்டா வகையில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்கள் மாறுகின்றன. இருந்தாலும் 05 என்ற எண்ணுடன் வரும் ரீஅலொகேட்டட் வரியும், சி7 என்று தொடங்கும் சி.ஆர்.சி எர்ரர் வரியும் பெரும்பாலும் இருக்கும். முதலாவது கூடிக்கொண்டே போனால் சிப் கெடுகிறது. இரண்டாவது கூடினால் கெட்டது டிஸ்க் அன்று, பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று நேராக வரும் அறைகளில் கதவுத் தாழ்ப்பாளையே உப்பு அரித்துவிடுகிறது, கேபிள் முனைகளை மட்டும் விட்டுவைக்காது. எஸ்.எஸ்.டி போய்விட்டது என்று ஒதுக்கும் முன் புதிய சாட்டா கேபிள் ஒன்றை மாற்றி, வேறு போர்ட்டில் சொருகிப் பார்க்கவும். மதர்போர்டில் நேராகச் சொருகும் சிறு பலகை வடிவிலான எம்.2 டிஸ்க் என்றால் கணினியை அணைத்துக் கழற்றி, பித்தளை நிறத்தில் தெரியும் முனையைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்துத் திரும்பச் சொருகவும்.

இவ்வளவு பார்த்தும் கன்ட்ரோலர் சாவதை இந்தத் திரை முன்கூட்டிச் சொல்லாது. நேற்று இரவு 98 சதவீதம் காட்டிய டிஸ்க்கை இன்று காலை, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையே காணவில்லை என்று சொல்வது நடக்கக்கூடியது.

கரன்ட், வெயில், வெள்ளம்

எஸ்.எஸ்.டி ஒரு கோப்பை எழுதும்போது எந்தத் தகவல் எந்த செல்லில் இருக்கிறது என்ற வரைபடத்தையும் மாற்றி எழுதுகிறது. அந்த நொடியில் கரன்ட் போனால் கெடுவது அந்தக் கோப்பு மட்டும் இல்லை, வரைபடமே சிதையலாம். சர்வர்களுக்கான டிஸ்க்குகளில் இதற்கென்றே கெப்பாசிட்டர்கள் உண்டு, நாம் வாங்கும் வகைகளில் பெரும்பாலும் கிடையாது. 2013-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்.பி ஆய்வகமும் 15 எஸ்.எஸ்.டி-களை எழுதும்போதே கரன்டைத் துண்டித்துச் சோதித்ததில் 13 ஏதேனும் ஒரு வகையில் தவறின. அந்த டிஸ்க்குகள் இன்று பழையவை என்றாலும் காரணம் பழையதாகிவிடவில்லை. டெஸ்க்டாப்புக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதன் பின்பக்கம் யூ.பி.எஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வைக்கவும். அது இல்லாத நிலையில் ஃபேனும் லைட்டும் தடையின்றி ஓடும், ஆனால் மாறும் இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். எர்த் சரியில்லாத பழைய வீட்டில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதை முதலில் சரிசெய்வது, விலை கூடிய டிஸ்க் வாங்குவதைவிடப் பலன் தரும்.

சூட்டைப் பொறுத்தவரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கத்திரி வெயிலில் எக்ஸ்போர்ட் ஓடும்போது என்.வி.எம்.இ டிஸ்க் 70 டிகிரியைத் தொடுவது எளிது. அப்போது அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஒரு ஹீட் சிங்க்கும் கேபினெட்டில் காற்றோட்டமும் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தரைத்தளம் மூழ்கிய கடைகளும் வீடுகளும் ஏராளம். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பும் ஊரில் சி.பி.யூ-வைத் தரையில் வைப்பது தகாது. அதைவிட முக்கியம், பேக்கப் டிஸ்க்கை அதே மேசையின் இழுப்பறையில் வைக்காமல் இருப்பது. கொளத்தூரிலோ பெரம்பூரிலோ முதல் மாடியில் இருக்கும் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு பிரதி, கடையில் ஒரு பிரதி, முடிந்தால் கணக்குக் கோப்புகள் மட்டும் ஆன்லைனில் என்று பிரித்து வைக்கலாம். இரண்டு டிஸ்க்குகளை ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக வாங்காமல் இருந்தால், மேலே சொன்ன ஃபர்ம்வேர் விபத்து இரண்டையும் சேர்த்து அடிக்காது. பேக்கப்புக்கு எஸ்.எஸ்.டி-யே வேண்டும் என்பதும் இல்லை. வேகம் தேவைப்படாத அந்த வேலைக்குப் பழைய பாணி ஹார்ட் டிஸ்க் மலிவு, பொருத்தமும்கூட.

பீரோவில் வைத்துப் பூட்டும் டிஸ்க்

வீடியோகாரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முடித்த கல்யாணங்களை ஒரு எஸ்.எஸ்.டி-யில் ஏற்றி, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கரன்ட் இல்லாமல் கிடக்கும் செல்லிலிருந்து மின்னூட்டம் மெல்லக் கசிகிறது. சிப் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலைப்படி, சாதாரணப் பயனாளருக்கான டிஸ்க், தன் டி.பி.டபிள்யூ முழுவதும் தீர்ந்த நிலையிலும், கரன்ட் இல்லாமல் 30 டிகிரி சூட்டில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும். வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி கூடினால் அந்தக் காலம் ஏறத்தாழ பாதியாகும். இது முழுதும் தேய்ந்த டிஸ்க்குக்கான கணக்கு, புதியதில் தகவல் பல வருடம் நிற்கும். ஆனால் நான்கைந்து வருடம் எடிட்டிங்கில் அடிபட்டதை ஓய்வு கொடுத்துக் காப்பகமாக்குவதுதான் நம் வழக்கம். மே மாதம் அடைத்த அறையின் இரும்பு பீரோவுக்குள் 30 டிகிரியை எதிர்பார்க்கவும் முடியாது. நெடுநாள் வைப்புக்கு ஹார்ட் டிஸ்க்கைப் பயன்படுத்தவும். எஸ்.எஸ்.டி தான் இருக்கிறது என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணினியில் இணைத்து, எல்லாக் கோப்புகளையும் ஒரு முறை முழுதாகப் படிக்கச் செய்யவும். வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுப்பதே அதற்கு எளிய வழி. வெறுமனே சொருகிப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுக் கழற்றுவதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

நின்றுவிட்டால்

டிஸ்க் வாசிக்க மட்டும் விட்டு எழுத மறுத்தால் அதைக் கடைசி வாய்ப்பாகக் கருதவும். ரீஸ்டார்ட் செய்யாமல் இருக்கும் நிலையிலேயே காப்பி எடுக்கத் தொடங்கவும், ஏனெனில் சில மாடல்கள் அடுத்த முறை கரன்ட் வந்ததும் எழுவதில்லை. டெக் ரிப்போர்ட் சோதனையில் இன்டெல் 335 அப்படித்தான் நின்றது, அது பிழையும் இல்லை, அவ்வாறே வடிவமைக்கப்பட்டிருந்தது.

கரன்ட் போய் வந்த பிறகு டிஸ்க் காணாமல் போயிருந்தால் க்ருஷியல் நிறுவனம் சொல்லும் ஒரு வழியை முயலலாம். கணினியை பயாஸ் திரையிலோ, டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு மின் கேபிளை மட்டும் வைத்தோ 20 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அணைத்து அரை நிமிடம் கழித்து மீண்டும் ஒரு முறை அதையே செய்யவும். சிதைந்த வரைபடத்தை டிஸ்க் தானே கட்டிக்கொள்ள அவகாசம் கிடைத்தால் சில சமயம் திரும்பி வரும். வந்தால் முதல் வேலை காப்பி.

வராவிட்டால் டேட்டா ரெகவரிக்கு எடுத்துச் செல்லலாம்தான். ஆனால் பல டிஸ்க்குகளில் கன்ட்ரோலரே தகவலைக் குறியாக்கம் செய்து எழுதுவதால், சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிப்பது பெரும்பாலும் பலிக்காது. தவறுதலாக அழித்த கோப்பு என்றால் டிரிம் அதை ஏற்கெனவே துடைத்திருக்கும். பணம் வாங்கும் முன் எந்த வகைப் பழுது என்று சொல்லத் தயங்கும் இடத்தில் டிஸ்க்கைக் கொடுக்க வேண்டாம்.

வாரண்டிக்குக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டர் தகவலை மீட்டுத் தராது. மாற்று டிஸ்க் வரும், பழையது போய்விடும். இயங்காத டிஸ்க்கில் நம்மால் எதையும் அழிக்கவும் முடியாது. ஆகவே கடைக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கும் கணினியில் முதல் நாளே விண்டோஸின் பிட்லாக்கரையோ அதற்கு நிகரான குறியாக்கத்தையோ போட்டு, அதன் ரெகவரி கீயைக் கணினிக்கு வெளியே, காகிதத்தில் எழுதி வைக்கவும். கடையில் தரும் வெப்பத்தாள் பில் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே பில்லையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளவும்.